பயண ரேடியோவும் அதன் பேட்டரியும்

1942 ஜனவரியில் சிகாகோவின் ஜெனித் நிறுவனம் 'டிரான்ஸ்-ஓசியானிக் கிளிப்பர்' என்ற ரேடியோவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சூட்கேஸ் போலக் கைப்பிடி வைத்த பெட்டி, உள்ளே ஏழு வால்வுகள். பேட்டரியும் சேர்ந்தால் எடை 8 கிலோவை ஒட்டி வரும். விலை 75 டாலர், அன்றைய அமெரிக்க ஆலைத் தொழிலாளியின் ஏறக்குறைய இரண்டு வாரக் கூலி. இவ்வளவு கனமும் விலையும் இருந்தும் அது விற்றது. போருக்காகப் பொதுமக்களுக்கான ரேடியோ உற்பத்தியை அமெரிக்க அரசு ஏப்ரலில் நிறுத்தும்வரை சுமார் 35,000 பெட்டிகள் வெளியே போயின. கையில் எடுத்துச் செல்லும் ரேடியோவின் வரலாற்றைப் பெரும்பாலும் அது சிறுத்துக்கொண்டே வந்த கதையாகத்தான் எழுதுகிறார்கள். வால்வு போய் டிரான்சிஸ்டர் வந்தது, பெட்டி சட்டைப்பைக்குள் அடங்கியது என்று அந்தக் கதை முடிந்துவிடும். சிற்றலை ரேடியோவைப் பொறுத்தவரை இந்தக் கதை பாதிதான் உண்மை. மின்கம்பி எட்டாத இடத்தில் இது எத்தனை நாள் பாடும், இடம் மாறினால் நிலையத்தை மறுபடி பிடிக்க முடியுமா என்ற இரண்டு கேள்விகளே இந்தக் கருவியை வளர்த்தன. எடையும் அளவும் அவற்றுக்குப் பின்னால் வந்தவை.

ஜெனித் தலைவர் யூஜின் மெக்டொனால்டுக்கு இது தெரியும். 1925-ல் டொனால்ட் மக்மில்லன் தலைமையில் ஆர்க்டிக் சென்ற பயணத்தில் அவர் ஒரு கப்பலை நடத்திப் போனார். கிரீன்லாந்துக் கடற்கரையிலிருந்து டாஸ்மேனியா அருகே நின்ற அமெரிக்கக் கடற்படையோடு சிற்றலையில் தொடர்பு கிடைத்தது அந்தப் பயணத்தில்தான். வானின் மேலடுக்கில் பட்டுத் திரும்பிப் பூமியைச் சுற்றிப் பாயும் இந்த அலை, உள்ளூர் நிலையம் எதுவும் எட்டாத இடத்திலும் கேட்கும். ஆனால் அதைப் பிடிப்பது எளிதல்ல. இரவில் 49 மீட்டரில் தெளிவாக வரும் குரல் பகலில் காணாமல் போகும். பகலுக்கு 19, 16 மீட்டர் பக்கம் போக வேண்டும். அதனால்தான் கிளிப்பரில் 49, 31, 25, 19, 16 என்று ஒவ்வொரு மீட்டர் பட்டைக்கும் தனிப் பொத்தான் வைத்தார்கள். சாதாரண ரேடியோவின் டயலில் முள் ஒரு மயிரிழை நகர்ந்தால் நான்கு நிலையங்கள் ஓடிவிடும். இங்கே ஒவ்வொரு பட்டையும் டயல் முழுக்க விரிந்து கிடந்தது. இரும்பு ரயில்பெட்டிக்குள் அலை நுழையாது என்பதால் ஏரியலைக் கழற்றி, ரப்பர் கிண்ணங்களால் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளவும் வழி செய்திருந்தார்கள். அந்த 8 கிலோவில் பெரும் பங்கு இந்த வசதிகளுக்காகவும், வால்வுகளுக்குத் தேவைப்பட்ட 90 வோல்ட் பேட்டரிக்காகவும் ஏறியதுதான்.

இதைவிடத் தெளிவான சாட்சி ஆப்பிரிக்காவில் இருக்கிறது. இன்று சாம்பியா எனப்படும் அன்றைய வடக்கு ரொடீஷியாவில், லுசாகா நிலையம் ஆப்பிரிக்க மொழிகளில் ஒலிபரப்பியது. ஆனால் கிராமத்து மக்கள் வாங்கக்கூடிய ரேடியோ சந்தையில் இல்லை. தகவல் துறையை நடத்திய ஹாரி ஃபிராங்க்ளின் பல உற்பத்தியாளர்களிடம் அலைந்து, கடைசியில் பிரிட்டனின் எவர் ரெடி நிறுவனத்தைச் சம்மதிக்க வைத்தார். 1949-ல் வந்த அந்த ரேடியோவின் உடல், கைப்பிடி பொருத்தாத அலுமினியச் சமையல் பாத்திரம். அதன்மேல் நீல வண்ணம் பூசியிருந்தது. 'சாஸ்பேன் ஸ்பெஷல்' என்று பெயரும் நிலைத்தது. நான்கு வால்வு, சிற்றலை மட்டும். செட் 5 பவுண்டு, பேட்டரிக்குத் தனியாக 25 ஷில்லிங். பேட்டரி மட்டுமே செட் விலையில் கால் பங்கு! அந்தப் பேட்டரி சுமார் 300 மணி நேரம் தாங்கும் என்பதுதான் வாங்குபவருக்கு முக்கியம். ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் கேட்டாலும் மூன்று மாதத்துக்கு மேல் ஓடும். அது சின்னதா அழகானதா என்று பார்த்து எவரும் வாங்கியிருக்க மாட்டார்கள்.

டிரான்சிஸ்டர் வந்த பிறகுதானே ரேடியோ ஊர் ஊராகப் பரவியது, அது சிறுத்ததால் வந்த வெற்றியில்லையா என்று கேட்கலாம். பரவியது உண்மை. அதற்குக் காரணம் வேறு. டிரான்சிஸ்டர் ஒழித்தது 90 வோல்ட் பேட்டரியை. டார்ச் லைட்டுக்குப் போடும் அதே பேட்டரி, எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும் பேட்டரி, இப்போது ரேடியோவுக்கும் போதுமானது. 1957-ல் ஜெனித் தன் டிரான்ஸ்-ஓசியானிக்கை டிரான்சிஸ்டருக்கு மாற்றி 'ராயல் 1000' என்று விற்றபோதும் அது சட்டைப்பை ரேடியோ ஆகவில்லை. கைப்பிடி பிடித்துத் தூக்கும் பெட்டியாகவே இருந்தது. விலை 250 டாலராக ஏறியிருந்தது. தமிழ்நாட்டிலும் இதையே பார்க்கலாம். 1952-ல் அமைச்சர் கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு அருகிப்போக, ரசிகர்கள் இலங்கை வானொலி பக்கம் திரும்பினார்கள். பின்னர் டிரான்சிஸ்டர் வந்தபோது, மின்சாரம் வராத ஊர்களிலும் அந்தப் பாட்டு கேட்டது. ஒலிபெருக்கி இருக்கும் இடத்தில் துளைகள் போட்ட தோலுறை, தோளில் மாட்ட வார் என்று வந்த அந்த செட்டுகள் பெரும்பாலும் டீக்கடை மேசையிலோ வீட்டுத் திண்ணையிலோ ஒரே இடத்தில்தான் உட்கார்ந்திருந்தன. மின்கம்பியை நம்பாமல் பாடியதே அவற்றின் பெருமை.

பேட்டரி கிடைக்காமல் போனால் என்ன ஆகும் என்பதை யாழ்ப்பாணம் காட்டியது. 1990-ல் போர் மீண்டும் தொடங்கியதும் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடைப் பட்டியலில் பேட்டரியும் இருந்தது. கையில் நல்ல சிற்றலை ரேடியோ இருந்தும் அது ஊமையானது. மக்கள் சைக்கிளை நிமிர்த்தியோ கவிழ்த்தோ வைத்து, ஒருவர் மிதிக்க அல்லது கையால் சுற்ற, டைனமோவின் மின்சாரத்தில் பிபிசி தமிழோசையைக் கேட்டார்கள். சைக்கிள் டைனமோ 6 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டது. நான்கு பேட்டரி போடும் ரேடியோவுக்கு வேண்டியதும் 6 வோல்ட். இந்தப் பொருத்தத்தைக் கண்டுபிடித்துப் பயன்படுத்தியவர்களின் பெயர் எந்தப் பொறியியல் வரலாற்றிலும் ஏறவில்லை. ஏற வேண்டியது. அதே ஆண்டுகளில் இங்கிலாந்தில் டிரெவர் பெய்லிஸ், சாவி கொடுத்து ஓட்டும் ரேடியோவை உருவாக்கிக்கொண்டிருந்தார். 1994-ல் பிபிசி தொலைக்காட்சியில் காட்டப்பட்ட அது, பின்னர் கேப்டவுனில் உற்பத்தியானது. முழுதாக முறுக்கினால் அரை மணி நேரம் பாடும். முதல் மாடல் பருமனானது, கனமானது. அதையும் யாரும் குறையாகச் சொல்லித் தள்ளிவிடவில்லை.

டயல் பிரச்சினை தீர இன்னும் அதிக காலம் பிடித்தது. மலிவான டிரான்சிஸ்டர்களில் 6 முதல் 18 மெகாஹெர்ட்ஸ் வரை ஒரே சாணுக்குள் அடைத்து அச்சிட்டிருப்பார்கள். நிலையங்களுக்கு இடையே இருப்பதோ 5 கிலோஹெர்ட்ஸ். நேற்று கேட்ட நிலையத்தை இன்று தேடுவது கைப்பழக்கத்தின் வேலை. ஊர் விட்டு ஊர் போகிறவருக்கு அந்தப் பழக்கமும் உதவாது, ஏனென்றால் அங்கே அதே நிலையம் வேறு அலைவரிசையில் வரும். 1980-ல் சோனியின் ஐசிஎஃப்-2001 எண் பலகையோடு வந்தது இதற்கான பதில். அலைவரிசை எண்ணை அழுத்தினால் நேராக அங்கே போய் நிற்கும். ஆனால் மூன்று பெரிய பேட்டரியும், உள்ளிருந்த கணிப்பானுக்கென்று இரண்டு சின்ன பேட்டரியும் போட்டாலும் அவற்றை அது விரைவில் தின்று தீர்த்தது. ஒரு குறை தீர்ந்த இடத்தில் பழைய குறை தலைகாட்டியது. 2001-ல் வந்த ஐசிஎஃப்-எஸ்டபிள்யூ7600ஜிஆர் நான்கு சின்ன பேட்டரியில் இரண்டையும் சமாளித்தது. ஒரு புத்தக அளவிலான அந்தப் பெட்டி ஏறத்தாழ இரண்டு பத்தாண்டுகள் விற்பனையில் நின்றதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

கைபேசி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்பது இன்றைய கேள்வி. பாதி நியாயமான கேள்வியும்கூட. வட அமெரிக்காவுக்கான பிபிசி சிற்றலை 2001-ல் நின்றது, ரேடியோ ஆஸ்திரேலியாவின் சிற்றலை 2017 ஜனவரியில் நின்றது, தமிழோசையும் அதே ஆண்டு ஏப்ரல் 30-ல் வானொலியை விட்டது. கேட்க நிலையம் குறையக் குறைய, எவ்வளவு நல்ல செட்டும் பயனற்றுப் போகும். ஆனால் கைபேசியின் பலம் அதன் கோபுரத்தில் இருக்கிறது. கோபுரம் சாய்ந்தாலோ, யாரேனும் அதை நிறுத்தினாலோ, அந்தப் பலம் அன்றே போய்விடும். உக்ரைன் போர் தொடங்கியதும் 2022 மார்ச்சில் பிபிசி அந்தப் பகுதிக்காக மீண்டும் சிற்றலையைத் திறந்தது. மாலையில் 15,735 கிலோஹெர்ட்ஸ், இரவில் 5,875 கிலோஹெர்ட்ஸ், நாளுக்கு நான்கு மணி நேர ஆங்கிலச் செய்தி. மீட்டர் குறையக் குறைய கிலோஹெர்ட்ஸ் கூடும். எனவே பகல் வெளிச்சம் இருக்கையில் உயர்ந்த கிலோஹெர்ட்ஸ், இருட்டியதும் தாழ்ந்த கிலோஹெர்ட்ஸ் என்ற அந்த ஏற்பாட்டின் கணக்கு, 1942-ல் மெக்டொனால்டின் பொத்தான்களுக்குப் பின்னால் இருந்த அதே கணக்கு. மலைக்கும் காட்டுக்கும் கூடாரத்தோடு போகிறவர் இன்று ஒரு சிற்றலை ரேடியோ வாங்குவதானால், எடையைப் பார்க்கும் முன் இரண்டைப் பார்க்கட்டும்: வழியில் எந்தக் கடையிலும் கிடைக்கும் சாதாரண பேட்டரியில் ஓடுகிறதா, 5,875 என்று அழுத்தினால் 5,875-ல் நிற்கிறதா.