மண்டபம் தொற்றுத்தடை முகாம்

மண்டபம் தொற்றுத்தடை முகாம் என்பது, பிரித்தானியர் ஆட்சிக்காலத்தில் தமிழகத்திலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர்களைக் கடல் கடக்கும் முன் தடுத்துவைத்துச் சோதித்த இடமாகும். முகாம் இருந்த நிலம் இராமநாதபுரம் கரையில் இருந்தது. அதை நடத்தியதோ இலங்கை அரசு. தன் எல்லைக்குள் வருவோரை இன்னொரு நாட்டின் கரையிலேயே நிறுத்திவைத்த ஏற்பாடு இது.

19ஆம் நூற்றாண்டில் தொழிலாளர்கள் தோணிகளில் மன்னார்க் கரைக்குச் சென்று, அங்கிருந்து காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தனர். வாந்திபேதியாலும் அம்மையாலும் வழியிலேயே மாண்டவர் பலர். 1894இல் ஹாங்காங்கிலும் 1896இல் பம்பாயிலும் பிளேக் பரவியபின் இலங்கை அரசின் அச்சம் கூடியது. வடக்குப் பாதை மூடப்பட்டு, தொழிலாளர்கள் தூத்துக்குடி - கொழும்பு கப்பல் வழிக்குத் திருப்பப்பட்டனர். கொழும்பை அடுத்த ராகமையில் போயர் போர்க்கைதிகளை அடைத்திருந்த முகாமே அவர்களுக்கும் தங்குமிடமானது. பின்னர் தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறையிலும் ஒரு முகாம் இயங்கியது.

1914இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி - தலைமன்னார் கப்பல் சேவையும் தொடங்கியதும் மண்டபம் முக்கியத்துவம் பெற்றது. கடற்பயணம் சில மணி நேரம்தான். அதற்காகத் தொழிலாளர் குடும்பங்கள் ஐந்தாறு நாட்கள் முகாமில் காத்திருந்தன. துணிகள் நீராவியில் இடப்பட்டன, அம்மைப்பால் குத்தப்பட்டது, பிற்காலத்தில் கொக்கிப்புழுவுக்கும் மருந்து கொடுக்கப்பட்டது. தோட்டத்தின் எண் பொறித்த தகர வில்லை ஒன்றும் வழக்கில் இருந்தது. அதைக் கொண்டு அரசு பயணச் செலவை ஏற்று, பிறகு தோட்டத்திடம் வசூலித்தது. ஆகவே இவ்வேற்பாட்டை நோய்த்தடுப்பு என்று மட்டும் கொள்வது பொருந்தாது. உழைக்கத்தக்க உடலைத் தோட்டத்துக்கு ஒப்படைக்கும் வேலையும் அதில் கலந்திருந்தது.

முகாமைத் தவிர்த்துப் படகில் இரகசியமாகக் கடந்தவர்களும் உண்டு. 1939இல் இந்திய அரசு இலங்கைக்குத் தொழிலாளர் செல்வதைத் தடைசெய்தபின் இவ்வழிக்கான தேவை மேலும் கூடியது. அப்படி வந்தவர்களைக் குறித்த ‘கள்ளத்தோணி’ என்ற சொல், காலப்போக்கில் மலையகத் தமிழர் அனைவர்மீதும் வீசப்பட்ட வசையாயிற்று. முறையாகச் சோதிக்கப்பட்டுக் கப்பலில் வந்தோரின் பேரப்பிள்ளைகளும் அதற்குத் தப்பவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது.

1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கையின்படி தாயகம் திரும்பியோர் இராமேசுவரத்தில் இறங்கி மண்டபத்துக்கே அழைத்து வரப்பட்டனர். அதே ஆண்டு டிசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்திருந்ததால், வெளியே சென்ற துறைமுகம் அவர்களுக்கு இல்லாமற் போயிருந்தது. 1983க்குப் பின் ஈழ அகதிகளும் இங்குத் தங்கவைக்கப்பட்டனர். தொற்றுத்தடை விதிகள் மறைந்தபின்னும், அவ்வூர்த் தொடர்வண்டி நிலையத்தின் பெயர் ‘மண்டபம் முகாம்’ என்றே நிலைத்துவிட்டது.