பகிர்வுக் கோப்புறை இடமாற்றம்

பகிர்வுக் கோப்புறை இடமாற்றம் என்பது, ஓர் அலுவலகத்தில் பலர் சேர்ந்து பயன்படுத்தும் மின்னஞ்சல் கோப்புறைகளைப் பழைய சர்வரிலிருந்து புதிய சர்வருக்குக் கொண்டுசெல்லும் பணி. ஒருவரின் சொந்த அஞ்சல்பெட்டியை மாற்றும்போது கடிதங்கள் குறைவின்றி வந்து சேர்ந்தால் போதும். பகிர்வுக் கோப்புறைக்கு அது போதாது. யார் படிக்கலாம், யார் சேர்க்கலாம், யார் அழிக்கலாம் என்ற அனுமதிகளும் கூடவே வர வேண்டும். இந்தியாவில் மின்னஞ்சல் இடமாற்றம் பெரிய அளவில் நடந்த இடங்களில் ஒன்று தில்லியை மையமாகக் கொண்ட மத்திய அரசு அலுவலகங்கள்.

தோற்றமும் வளர்ச்சியும்

1984-இல் வந்த பாப் நெறிமுறை, கடிதத்தைப் பயனரின் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் முறை. அதில் பகிர்வுக்கு இடமில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் கிறிஸ்பின் 1986-இல் உருவாக்கிய ஐமேப், கடிதத்தை சர்வரிலேயே வைத்துக்கொண்டு பார்க்க வழி செய்தது. ஒரே கோப்புறையைப் பலர் திறக்கும் வாய்ப்பு அங்கிருந்துதான் பிறந்தது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1994-இல் தொடங்கிய சைரஸ் சர்வர், வளாகத்தின் பொது அறிவிப்புப் பலகைகளைப் பகிர்வுக் கோப்புறைகளாகவே நடத்தியது.

அனுமதிகளுக்கான பொது விதி 1997 ஜனவரியில் ஆர்எஃப்சி 2086 என்ற ஆவணமாக வெளிவந்தது. அதை எழுதியவர் ஜான் மையர்ஸ். ஒவ்வோர் உரிமைக்கும் ஓர் எழுத்து வீதம் ஒன்பது எழுத்துகள்: கோப்புறை கண்ணில் படுவதற்கு எல், படிப்பதற்கு ஆர், கடிதம் சேர்ப்பதற்கு ஐ, அனுமதிகளையே மாற்றுவதற்கு ஏ என்று அந்த வரிசை போகும். ஆனால் கோப்புறையை அடியோடு நீக்கும் உரிமை எந்த எழுத்தில் அடங்கும் என்பதை அந்த ஆவணம் தெளிவாகச் சொல்லவில்லை. சில சர்வர்கள் அதை, கோப்புறை உருவாக்கும் சி எழுத்தில் வைத்தன. சில, கடிதம் அழிக்கும் டி எழுத்தில் வைத்தன. 2005 டிசம்பரில் வந்த ஆர்எஃப்சி 4314 இக்குழப்பத்தைத் தீர்க்க சி, டி இரண்டையும் பிரித்துப் பதினோர் உரிமைகளாக்கியது. பழைய சர்வரின் பட்டியலை ஆராயாமல் புதியதில் ஏற்றினால், தேவையற்ற கடிதங்களைக் களைய மட்டும் அனுமதி பெற்றிருந்த ஊழியர் கையில் முழுக் கோப்புறையையும் நீக்கும் அதிகாரம் போய்ச் சேர்வது பழைய விதியின் அந்தத் தெளிவின்மையால்தான்.

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1996-இல் வெளியிட்ட எக்ஸ்சேஞ்ச் சர்வர் 'பொதுக் கோப்புறை' என்ற தனி ஏற்பாட்டைக் கொண்டிருந்தது. அவற்றுக்கெனத் தனித் தரவுத்தளம் இருந்தது. 2013 பதிப்பில் அது கைவிடப்பட்டு, பொதுக் கோப்புறைகள் அஞ்சல்பெட்டிகளுக்குள்ளேயே வைக்கப்பட்டன. அதனால் பழைய பதிப்பிலிருந்து மாறும் அலுவலகம், கடைசிக் கட்டத்தில் பழைய கோப்புறைகளைப் பூட்டிவிட்டு எல்லோரையும் ஒரே நேரத்தில் புதியதற்கு மாற்ற வேண்டியிருந்தது.

இடமாற்றத்தில் தவறுபவை

ஐமேப் சர்வர்களுக்கிடையே கடிதங்களை நகலெடுக்கப் பரவலாகப் பயன்படுவது, ழீல் லாமிரால் எழுதிய ஐமேப்சிங்க். அனுமதிப் பட்டியலை அது தானாக நகலெடுப்பதில்லை. தனிக் கட்டளை கொடுத்துக் கேட்க வேண்டும். கடிதங்களின் எண்ணிக்கை இருபுறமும் சரியாக இருப்பதைப் பார்த்தே வேலை முடிந்தது என்று அறிவிப்பது இத்துறையின் பெருங்குறை. படித்தது, படிக்காதது என்ற அடையாளத்தைச் சில சர்வர்கள் ஆளுக்கு ஆள் தனியாக வைக்கும்; சில எல்லோருக்கும் பொதுவாக வைக்கும். முதல் வகையிலிருந்து இரண்டாம் வகைக்கு மாறினால், ஒருவர் திறந்த கடிதம் பிரிவில் உள்ள அனைவருக்கும் படித்ததாகத் தெரியும். பதில் போக வேண்டிய கடிதம் அப்படியே கிடந்துவிடும்.

கோப்புறைப் பெயர்களும் கவனிக்க வேண்டியவை. ஐமேப்பில் தமிழ், இந்திப் பெயர்கள் நெடுங்காலம் திருத்திய யூடிஎஃப்-7 குறியீட்டில் எழுதப்பட்டன. அதை அறியாத கருவி, 'கணக்குப் பிரிவு' என்ற கோப்புறையைப் பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவையாகப் புதிய சர்வரில் இறக்கிவைக்கும். 2021-இல் வந்த ஐமேப் நெறிமுறையின் புதிய பதிப்பு யூடிஎஃப்-8 முறைக்கு மாறியது.

தில்லி அரசு அலுவலகங்களில்

மத்தியச் செயலக நடைமுறையில் கோப்பு பிரிவுக்கு உரியது. அதைக் கையாளும் எழுத்தருக்கு உரியதன்று. தில்லியில் 1921-இல் கட்டப்பட்ட சந்தையான கோல் மார்க்கெட்டைச் சுற்றியிருந்த அரசுக் குடியிருப்புகளில் வாழ்ந்த எழுத்தர்கள், சென்னை மாகாணத்திலிருந்து வந்த தமிழர்களும் அவர்களில் அடக்கம், இந்த ஒழுங்கில் பழகியவர்கள். மின்னஞ்சல் வந்தபோது இது குலைந்தது. கடிதங்கள் ஆளின் பெட்டியில் தங்கின. அவர் மாறுதலாகிப் போனால் கூடவே போயின. அதிகாரிகள் தனியார் இலவச முகவரிகளில் அரசு அலுவல் பார்ப்பதை எதிர்த்து கே. என். கோவிந்தாச்சார்யா தில்லி உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். 2015 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட அரசின் மின்னஞ்சல் கொள்கை, 1976-இல் நிறுவப்பட்ட தேசியத் தகவலியல் மையத்தின் சேவையையே பயன்படுத்தப் பணித்தது. தனி சர்வர் வைத்திருந்த அலுவலகங்கள், விலக்குப் பெற்றவை நீங்கலாக, அதற்கு மாற வேண்டியதாயிற்று. பதவியின் பெயரில் ஒரு முகவரி, ஆளின் பெயரில் ஒரு முகவரி என்ற ஏற்பாட்டையும் அக்கொள்கை வகுத்தது. பதவி முகவரி அடுத்து வருபவர் கைக்கு மாறுவதால், பகிர்வுக் கோப்புறையின் வேலையில் ஒரு பகுதியை அதுவே செய்தது. ஆயினும் ஒரே நேரத்தில் பலர் பார்க்க வேண்டிய பிரிவுகளுக்கு அது ஈடாகாது.

இன்றைய நிலை

அரசு மின்னஞ்சலை நடத்த 2023-இல் ஏழாண்டு ஒப்பந்தம் பெற்ற தமிழ்நாட்டு நிறுவனமான ஜோஹோவின் தளத்துக்கு, 2025 அக்டோபர் வாக்கில் பிரதமர் அலுவலகம் உட்பட ஏறத்தாழ 12 லட்சம் முகவரிகள் மாற்றப்பட்டிருந்தன. முகவரிகள் அரசின் டொமைனிலேயே தொடர்வதால் இதைத் தனியார்மயம் என்பது பொருந்தாது.