வாடிக்கையாளர் குரலும் சமூக வலைத்தளங்களும்

முன்னுரை

திருப்பூர் மாவட்டம் மூலனூர் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் பருத்தி ஏலத்துக்கு வரும் வியாபாரி, பஞ்சைப் பார்த்துத்தான் விலை வைக்கிறார். தரத்தில் குறை இருந்தால் விலையிலேயே விவசாயிக்குத் தெரிந்துவிடும். பருத்தி நூலாகி, பனியனாகி, கடல் கடந்து போனபின் நிலைமை வேறு. அணிபவர் யார், அவருக்கு என்ன குறை என்பது தைத்தவருக்குத் தெரியாது. இந்தத் தூரத்தைச் சமூக வலைத்தளங்கள் குறைத்த வரலாறு சுவையானது.

பையர் சொல்லே வாடிக்கையாளர் சொல்

1978-ல் இத்தாலியிலிருந்து வெள்ளை டி-ஷர்ட் வாங்க வந்தவர்களோடு திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதியின் வரலாறு தொடங்குகிறது என்பார்கள். அன்று முதல் பையர் சொல்வதே வாடிக்கையாளர் சொல். சாயம் போனாலும் அளவு சுருங்கினாலும் அந்தப் புகார் கடை, நிறுவனம், ஏஜென்ட் என்று படிப்படியாகத்தான் இங்கே வந்து சேரும்.

ஒரே வாரத்தில் திரும்பிய சின்னம்

2004-ல் ஃபேஸ்புக்கும் 2006-ல் ட்விட்டரும் தோன்றின. அணிபவரே நேரடியாகப் பேசத் தொடங்கினார். அமெரிக்க ஆடை நிறுவனமான கேப், சுமார் 20 ஆண்டுகளாக இருந்த தன் நீலப் பெட்டிச் சின்னத்தை 2010 அக்டோபரில் மாற்றியது. இணையத்தில் கேலியும் கண்டனமும் குவிந்தன. ஒரே வாரத்தில் பழைய சின்னமே திரும்பி வந்தது.

கோவை வரை கேட்ட குரல்

2021 அக்டோபரில் தமிழக வாடிக்கையாளர் ஒருவர், தன் ஆர்டரில் ஒரு பொருள் குறைந்ததாக சொமேட்டோவிடம் புகார் செய்தார். இந்தி தேசிய மொழி, ஓரளவாவது தெரிந்திருக்க வேண்டும் என்று பதில் வந்தது. அந்த உரையாடலை அவர் ட்விட்டரில் வெளியிட, கண்டனம் பரவியது. நிறுவனம் தமிழிலேயே மன்னிப்புக் கடிதம் வெளியிட்டது. கோவையில் தமிழ்ச் சேவை மையமும் தமிழ்ச் செயலியும் உருவாகி வருவதாக அறிவித்தது. பணிநீக்கம் செய்யப்பட்ட ஊழியர் அன்றே மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டார்.

முடிவுரை

கேப் நிறுவனத்துக்குப் பழைய சின்னத்தைத் திரும்ப வைத்ததே போதுமானதாக இருந்தது. சொமேட்டோவில் ஓர் ஊழியரை நீக்குவது தீர்வாகவில்லை. தமிழ் தெரிந்தவர் பதில் சொல்ல ஏற்பாடு இல்லாததே அங்கு உண்மையான குறை. சத்தமாக வரும் புகாருக்கு மன்னிப்புக் கேட்பது எளிது, அதன் காரணத்தைத் தேடுவதுதான் கடினம். இணையத்தில் எழுதத் தெரியாதவர் எழுப்பாத புகார்களும் உண்டு என்பதையும் மறக்கக்கூடாது. மூலனூர் வியாபாரி பஞ்சைப் பார்ப்பது போலப் புகாரையும் பிரித்துப் பார்க்கும் நிறுவனமே வாடிக்கையாளரின் நம்பிக்கையைப் பெறும்.