இருதயம் போன ஊர்

சென்னைப் பாரிமுனைப் பக்கம் நடந்தவர்களுக்கு அரண்மனைக்காரன் தெரு தெரிந்திருக்கும். பெயரைக் கேட்டு அரண்மனையைத் தேடினால் ஏமாந்துதான் போவீர்கள். அங்கே இருந்தவர்கள் அர்மீனிய வியாபாரிகள். ‘அர்மீனியன்’ என்ற வார்த்தை நம்மவர் நாக்கில் உருண்டு புரண்டு ‘அரண்மனைக்காரன்’ ஆகிவிட்டது. இனத்தின் பெயரைத் தொலைத்துவிட்டு ராஜ பட்டம் கொடுத்த தெரு வேறு எங்காவது உண்டோ என்னவோ!

சென்ற மாதம் அந்தத் தெருவுக்கு நான் போக நேர்ந்ததற்குக் காரணம் ஒரு காகிதம். என் மகளின் பள்ளிக்கூட விண்ணப்பம். எல்லாவற்றையும் பூர்த்தி செய்துவிட்டேன். ‘தாய்மொழி’ என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. கரிசல் காட்டில் எத்தனையோ தலைமுறையாகப் பேசி, தமிழும் கலந்து, ஆந்திராவிலிருந்து வருகிறவர்கள் கேட்டால் சிரிக்கிற தெலுங்கு. அதில் ஓர் எழுத்துக்கூட எனக்கு வாசிக்கத் தெரியாது. நாவல் எழுதிப் பிழைப்பதோ தமிழில். “நாமெல்லாம் ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்து வந்தவர்கள்” என்பாள் என் அவ்வா. எந்த ஆறு என்று கேட்டால் அவளுக்கும் தெரியாது.

காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வேறு காரியமாகப் பாரிமுனை வந்தவன், அர்மீனியக் கோயிலுக்குள் நுழைந்தேன். 1772-ல் கட்டியது. வெளியே அத்தனை இரைச்சல். உள்ளே மரநிழலும் நிசப்தமும். நடைபாதையிலேயே கல்லறைக் கற்கள் பதிந்திருக்கின்றன. மிதிக்கக் கூச்சமாக இருந்தது. கற்களில் அர்மீனிய எழுத்து. நின்று நின்று பார்த்தேன், ஒன்றும் புரியவில்லை. தெலுங்கு எழுத்தும் எனக்கு இப்படித்தான் என்று தோன்றியபோது சுருக்கென்றது.

இந்த ஊர் அர்மீனியரில் பெரிய மனிதர் கோஜா பெத்ருஸ் உஸ்கான். 1726-ல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் சொந்தப் பணத்தில் பாலம் கட்டினார். பரங்கிமலைக்குப் படிகள் அமைத்தார். 1746-ல் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் அவரைத் தங்கள் பக்கம் இழுத்துப் பார்த்தார்கள். மறுத்தார், சொத்தைப் பறிகொடுத்தார். இந்த ஊருக்கு இதைவிட ஒருவன் என்ன செய்யவேண்டும்? ஆனால் 1751-ல் கண்மூடியபோது அவருடைய உடலைத்தான் வேப்பேரியில் அடக்கம் செய்தார்கள். அவர் விருப்பப்படி இருதயத்தைத் தனியே எடுத்து, பொற்பேழையில் வைத்து, பாரசீகத்து ஜூல்பாவுக்கு அனுப்பினார்கள்.

அந்த ஜூல்பாவின் கதையைக் கேளுங்கள். அசல் ஜூல்பா இருந்தது அராஸ் நதிக்கரையில். துருக்கியரோடு யுத்தம் நடத்திய ஷா அப்பாஸ், எதிரிக்கு எதுவும் மிஞ்சக் கூடாதென்று 1604-05-ல் அந்த ஊர் ஜனங்களை வேரோடு பெயர்த்து, இஸ்பஹான் நகரத்தருகே கொண்டுபோய்க் குடியேற்றினார். அவர்கள் அங்கே கட்டிய ஊருக்கும் ஜூல்பா என்றே பெயர் வைத்தார்கள். உஸ்கான் பிறந்தது அந்தப் புது ஜூல்பாவில். ஆக, இருதயம் போய்ச் சேர்ந்த சொந்த ஊரே ஓர் இரவல் ஊர்! ஆற்றங்கரை ஜூல்பாவில் மிஞ்சியிருந்த கல்லறைச் சிலுவைக் கற்களையும் 2005-ல் அஸர்பைஜான் சிப்பாய்கள் உடைத்து நொறுக்கினார்கள்.

உஸ்கானுக்குப் பின் வந்த ஷாஹாமிர் ஷாஹாமிரியன் இன்னும் விசித்திரமானவர். சென்னையில் அச்சுக்கூடம் வைத்து, சுதந்திர அர்மீனியாவுக்கு அரசியல் சட்டமே எழுதி அச்சிட்டார். முகப்பில் 1773 என்று இருக்கிறது. அப்படியொரு தேசம் அப்போது பூமியில் இல்லை. 1918-ல்தான் முதலில் தலைதூக்கியது. உலகத்தின் முதல் அர்மீனியப் பத்திரிகையான ‘அஸ்தராரும்’ 1794-ல் இங்கேதான் வெளிவந்தது. நடத்தியவர் ஷ்மவோனியன் என்ற பாதிரியார். ஒரே வாரத்தில் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவர். அவருடைய கல்லறையும் இந்த முற்றத்தில்தான் இருக்கிறது. பத்திரிகைக்குக் கதை எழுதுகிறவன் நான். அங்கே சற்று நேரம் கூடுதலாகவே நின்றேன்.

திரும்பும் வழியில் சைதாப்பேட்டையில் இறங்கினேன். உஸ்கானின் பாலம் இப்போது இல்லை. அந்த இடத்தில் நிற்பது மறைமலை அடிகள் பாலம். தனித்தமிழ் வேண்டுமென்று தம் பெயரையே மாற்றிக்கொண்டவர் அவர். பழைய பாலத்துக் கல்வெட்டு மட்டும் ஓரமாக, புழுதி படிந்து நிற்கிறது. அர்மீனியம், பாரசீகம், லத்தீன். நடந்து போனவர்கள் தமிழர்கள். கல்லில் தமிழ் இல்லை. உஸ்கானிடம் எனக்குள்ள ஒரே மனத்தாங்கல் அதுதான்.

வீட்டுக்கு வந்ததும் மகள், “நைனா, என்ன எழுதினே?” என்று எங்கள் தெலுங்கில் கேட்டாள். காகிதத்தை எடுத்து, ‘தெலுங்கு’ என்று எழுதிக் கொடுத்தேன். தமிழ் எழுத்தில்தான்.