தேசிங்கு என்றொரு பெயர்

முதல் நாள் ஆஜர் எடுத்த வாத்தியார் என் பெயரைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "சிங்குன்னா தாடி எங்கடா?" வகுப்பே சிரித்தது. எனக்கு வயது ஆறு. பிற்பாடு ஓர் அலுவலகத்தில் எழுத்துப்பிழை என்று நினைத்து ‘தேசிகன்’ என்று திருத்திக் கொடுத்துவிட்டார்கள். அதைத் தேசிங்காக மாற்ற ஏழு நடை நடந்தேன்.

செஞ்சிப் பக்கத்தில் தேசிங்கு ராஜன் கூத்து பார்த்துவிட்டு வந்து என் தாத்தா வைத்த பெயர் இது. கல்யாணப் பந்தலை விட்டு மகபத்கான் நண்பன் தேசிங்குக்காகப் போருக்கு எழுந்து வரும் கட்டத்தில் தாத்தா துண்டால் மூக்கைச் சிந்துவார். சிங்கவரத்துக்கு அழைத்துப் போனால் பள்ளிகொண்ட பெருமாளைக் காட்டி, "சண்டைக்குப் போகாதடான்னு மூஞ்சத் திருப்பிக்கிட்டாரு பாரு, கேட்டானா?" என்பார், ஏதோ பங்காளி வீட்டுப் பையனைப் பற்றிச் சொல்வதுபோல.

அந்தப் பையன் தமிழனே இல்லை. பெயர் தேஜ் சிங், புந்தேலா ராஜபுத்திரன். அப்பா சொரூப் சிங், ஔரங்கசீப் காலத்தில் செஞ்சிக்குக் கில்லேதாராக, அதாவது கோட்டைத் தலைவராக, வந்தவர். அவருக்குப் பின் கோட்டை மகன் கைக்கு வந்தது. ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கான் பாக்கிப் பணத்தைக் கேட்க, இவன் மறுக்க, 1714 அக்டோபர் 3 அன்று சண்டையில் விழுந்தான். வயது இருபத்திரண்டு என்பார்கள். ராணி உடன்கட்டை ஏறினாள். அவள் நினைவாக நவாபே உண்டாக்கிய ஊர்தான் ராணிப்பேட்டை. நிர்வாகக் கணக்கில் பார்த்தால் இது வரிபாக்கித் தகராறு. ஓராண்டுகூட ஆளாதவனுக்குக் கதைப்பாடலும், பாராசாரி என்று பெயர் சொல்லிப் பாட ஒரு குதிரையும், 1960-இல் எம்.ஜி.ஆர் படமும் கிடைத்தன. ஜெயித்த நவாபுக்கு யார் கூத்து கட்டினார்கள்?

தேஜ் என்றால் ஒளி. சிங் சிங்கம். எங்கள் ஊர் வாயில் ‘ஜ’ கரைந்து, கடைசியில் ஓர் உகரம் ஏறி, தேசிங்கு ஆயிற்று. கொல்லத்துக்குத் தேசிங்கநாடு என்று பழைய பெயர் உண்டே என்று ஒரு நண்பர் மடக்கினார். அது ஜயசிம்மநாடு மருவியது. செஞ்சிக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

என் பேரனுக்கு இந்தப் பெயரை வைக்கலாமே என்று ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தேன். "அதெல்லாம் பழைய பேருப்பா" என்று மகன் சொல்லிவிட்டான். புதுசாக இருக்கட்டும் என்று அவர்கள் தேடிப் பிடித்து வைத்த பெயர் தேஜஸ். தமிழில் அந்தச் சொல்லுக்குத் ‘தேசு’ என்று எப்போதோ உருவம் வந்தாயிற்று. நான் அவனைத் தேசு என்றுதான் கூப்பிடுகிறேன். திரும்பிப் பார்க்கிறான்.