சூப்பர் சிங்கர் பைனலிஸ்ட்களில் யார் பாட்டுக்கு மவுசு அதிகம்? வியூஸ் கணக்கு சொல்வதும் சொல்லாததும்

பாட்டுப் போட்டி முடிந்து டைட்டில் கொடுத்தாச்சு. ஆனால் ரசிகர்களுக்கு அப்புறம்தான் நிஜப் போட்டியே ஆரம்பம். "டைட்டில் அவருக்கு, வியூஸ் எங்க ஆளுக்கு" என்று ஸ்கிரீன்ஷாட்டோடு வருவார்கள். இந்தக் கணக்கை எவ்வளவு தூரம் நம்பலாம்?

இந்தச் சண்டை நமக்கு முன்பே அமெரிக்காவில் நடந்தது. 2003 அமெரிக்கன் ஐடல் பைனலில் ரூபன் ஸ்டடர்ட், கிளே ஐக்கனை வென்றார். சுமார் 2.4 கோடி ஓட்டில் வித்தியாசம் 1.34 லட்சம்தான். அடுத்து இருவரின் பாடல்களும் விற்பனைக்கு வந்தன. பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் தோற்ற கிளே முதலிடம், ஜெயித்த ரூபன் இரண்டாமிடம்! ஆல்பத்திலும் அப்படியே: முதல் வாரத்தில் கிளேவுக்கு 6 லட்சத்துக்கு மேல், ரூபனுக்கு 4 லட்சத்துக்கு மேல்.

டவுன்லோடு காலம் வந்ததும் சிக்கல் கூடியது. யார் பாட்டு அதிகம் விற்கிறது என்று தெரிந்தால் ஓட்டு அந்தப் பக்கம் சாயும் என்பதால், 2008-ல் ஐடல் போட்டியாளர்களின் ஐடியூன்ஸ் விற்பனை நிலவரம் போட்டி முடியும்வரை மறைக்கப்பட்டது. 'தி வாய்ஸ்' நேர் எதிர். அங்கே டவுன்லோடே ஓட்டாக எண்ணப்பட்டது. பட்டியலில் டாப் 10-க்குள் வந்தால் அது பல மடங்காகவும் ஆனது. காசு இருக்கிற ரசிகர் கை ஓங்கும், வேறென்ன?

நம்ம ஊரில்?

இங்கே காசு கொடுத்துப் பாட்டு டவுன்லோடு செய்யும் பழக்கம் பெரிதாக வேரூன்றவில்லை. காலர் டியூன் காலம் போய், இப்போது எல்லாம் யூடியூப் வியூஸ்தான்.

2018 சூப்பர் சிங்கரை எடுத்துக்கொள்வோம். டைட்டில் வென்றவர் நாட்டுப்புறப் பாடகர் செந்தில் கணேஷ், ரன்னர் அப் ரக்‌ஷிதா. செந்தில், மனைவி ராஜலட்சுமியோடு பாடிய 'சின்ன மச்சான்' சார்லி சாப்ளின் 2 படத்தில் வந்து 10 கோடி வியூஸைத் தாண்டியது. ரக்‌ஷிதாவோ ஏ.ஆர்.ரஹ்மான் இசையில் பொன்னியின் செல்வன் படங்களில் 'சொல்', 'கிருநகே' என்று பாடினார். இதில் யார் பெரியவர்? முதல் பாட்டில் இரண்டு குரல், கூடவே பிரபுதேவா. மற்றதில் ரஹ்மான், மணிரத்னம், கல்கி. வியூஸில் பாடகரின் பங்கு மட்டும் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியே இல்லை. கணக்கதிகாரத்தில் பலாவை அறுக்காமலே, காம்போரம் இருக்கும் முள்ளை எண்ணிச் சுளைக் கணக்கு சொல்ல ஒரு வழி இருக்கிறது. பண்ருட்டிக்காரங்க கேட்டா சிரிப்பாங்க. வியூஸை வைத்துக் குரலை அளப்பது அதைவிடக் கஷ்டம்.

இன்னொரு விஷயம், விளம்பரம். ஒரு பாட்டையே விளம்பரமாக ஓட விட்டு, அதை ஒருவர் 30 விநாடி பார்த்துவிட்டால் அதுவும் ஒரு வியூ. 2019 ஜூலையில் பாட்ஷாவின் 'பாகல்' 24 மணி நேரத்தில் 7.5 கோடி வியூஸ் பெற்று உலக சாதனை படைத்ததாகச் சொல்லப்பட்டது. விளம்பரம் மூலம் வந்த வியூஸ் பற்றிக் கேள்வி எழுந்தது. செப்டம்பரில் யூடியூப் விதியை மாற்றியது: 24 மணி நேர சாதனைக்கும் மியூசிக் சார்ட்டுக்கும் விளம்பர வியூஸ் செல்லாது. ஆனால் வீடியோவுக்குக் கீழே நாம் பார்க்கும் எண்ணில் அது சேர்ந்தேதான் இருக்கும். ஸ்கிரீன்ஷாட்டில் வருவது அந்த எண்தான்.

சரி, பாடகருக்கு என்ன கிடைக்கும்?

போட்டி மேடையில் பாடிய கிளிப் இருப்பது டிவி சேனலின் கணக்கில். அதன் விளம்பர வருமானம் பெரும்பாலும் சேனலுக்கும், பாட்டின் உரிமை வைத்திருக்கும் ஆடியோ கம்பெனிக்கும்தான். நீங்கள் ராத்திரி முழுக்க லூப்பில் ஓட விட்டாலும் பைனலிஸ்ட் பாக்கெட்டுக்கு அது நேராகப் போகாது. (ஒரே போனில் திரும்பத் திரும்ப ஓட விட்டால் ஓரளவுக்கு மேல் எண்ணவும் மாட்டார்கள்.) 2012 காப்புரிமைத் திருத்தச் சட்டம் பாடகர்களுக்கு ராயல்டி உரிமை கொடுத்திருக்கிறது. என்றாலும் பைனலிஸ்ட்களில் பலருக்குக் கைக்காசு வருவது கச்சேரியில்தான். கடலூர், பண்ருட்டி பக்கம் திருவிழா நோட்டீஸைப் பாருங்க. ஜெயித்தவரோ நாலாவது வந்தவரோ, பேருக்கு முன்னால் 'சூப்பர் சிங்கர் புகழ்' என்றுதான் போடுவார்கள். எத்தனை வியூஸ் என்று யாரும் அச்சடிப்பதில்லை.