எலி நுரையீரல் புழு

எலி, பெருச்சாளி ஆகியவற்றின் நுரையீரல் தமனிகளில் வாழும் உருளைப்புழு. அறிவியல் பெயர் ஆஞ்சியோஸ்ட்ராங்கைலஸ் கேன்டொனென்சிஸ். 1935இல் சீனாவின் காண்டன் (இன்றைய குவாங்சௌ) நகரத்து எலிகளில் இதைக் கண்டு விவரித்தவர் சென் சின்-டாவ். மனிதருக்கு இது தொற்றியதாக முதல் பதிவு 1945இல் தைவானிலிருந்து வந்தது.

பெண் புழு நூல்போல மெலிந்தது. நீளம் இரண்டு, மூன்று சென்டிமீட்டர். இரத்தம் நிறைந்த சிவந்த குடலை வெண்ணிறக் கருப்பை சுற்றிச் செல்வதால், சிவப்பும் வெள்ளையும் சேர்த்துத் திரித்த கயிறு மாதிரி இருக்கும். அது இடும் முட்டைகள் எலியின் நுரையீரலிலேயே பொரிகின்றன. எலி இருமும்போது இளம்புழுக்கள் தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு, புழுக்கையோடு வெளியேறும். அந்தப் புழுக்கையை நத்தை தின்னும். நத்தைக்குள் சுமார் இரண்டு வாரத்தில் புழு தொற்றும் பருவத்தை அடையும். நத்தையை மறுபடி எலி தின்றால், புழு முதலில் மூளைக்குப் போய் வளர்ந்து, பிறகுதான் நுரையீரலுக்குத் திரும்பும். இந்தச் சுழற்சியை 1950களில் ஆஸ்திரேலியாவின் ஜோசபின் மெக்கராஸ், டொரோதியா சாண்டர்ஸ் இருவரும் தெளிவுபடுத்தினர்.

எலிப் புழுக்கையிலிருந்து இந்த நோய் மனிதருக்கு நேரடியாகத் தொற்றாது. எலிக் காய்ச்சலோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. நத்தையைப் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ தின்றவருக்கே ஆபத்து. கீரை மடிப்பில் ஒட்டியிருக்கும் நகக்கண் அளவு ஓடில்லா நத்தையும் போதும். ஆகவே பச்சையாகச் சாப்பிடும் இலையை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கழுவ வேண்டும். நத்தையைத் தின்ற நன்னீர் இறால், நண்டு, தவளை, உடும்பு ஆகியவற்றின் உடலிலும் புழு உயிரோடு தங்கும். நன்றாகக் கொதிக்கவைத்தால் செத்துவிடும். 2006இல் பெய்ஜிங்கில் உணவக நத்தைக் கறி சரியாக வேகாததால் நூற்றுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர்.

மனித மூளைவரை வரும் புழுவால் பெரும்பாலும் அதைத் தாண்ட முடிவதில்லை, அங்கேயே சாகிறது. அதை எதிர்த்து உடல் இயோசினோஃபில் என்னும் வெள்ளணுக்களைத் திரட்டுவதால் மூளையுறை அழற்சி உண்டாகிறது. மண்டையைப் பிளக்கும் தலைவலி, கழுத்து விறைப்பு, வாந்தி வரும். சிலருக்குத் தோல் எரியும். சட்டை உரசுவதைக்கூடத் தாங்க முடியாது. தண்டுவட நீரில் இயோசினோஃபில் மிகுந்திருப்பதே முக்கியத் தடயம். அந்த நீரைச் சிறிது வெளியேற்றினால் தலைவலி தணியும். ஸ்டீராய்டு மருந்தும் தருவார்கள். புழுக்கொல்லி கொடுப்பது பற்றி ஒருமித்த கருத்து இல்லை: செத்த புழு அழற்சியைக் கூட்டிவிடலாம். பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள், கடுமையாகத் தாக்கினால் உயிரிழப்பும் நேரும்.

தென்னிந்தியாவில் பதிவான நோயாளிகளில் சிலர், உடம்புக்குப் பலம் என்று நம்பி உடும்பைப் பச்சையாகத் தின்றவர்கள். தலைவலியோடு வருபவரிடம் மருத்துவர் இதைக் கேட்டாக வேண்டும். உடும்பு, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காக்கப்பட்ட உயிரினம் என்பதால், தின்றவர் தாமாக வாய் திறக்கமாட்டார்.